ஏதென்ஸ் ரத்தம் சொன்ன சாட்சி

ஒருமுறை டெங்கு வந்து தேறியவருக்கு மறுபடியும் வருமா? ஐப்பசி மழை பிடித்து, தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல் என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் எழும். மருத்துவப் பாடநூல்கள் இதற்கு ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. எந்த வகை வந்ததோ அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்கும். மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் போய்விடும். அதன் பிறகு வேறொரு வகை தொற்றினால் நோய் முற்றும் ஆபத்து கூடும்.

தொற்றுநோய்களின் வரலாற்றைப் பல காலமாகப் படித்துவருகிறேன். இந்த விடையில் என்னைப் பிடித்து நிறுத்தியது, ஆயுள் முழுக்க என்ற அந்த உறுதி. டெங்கு வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் ரென் கிமுரா, சுசுமு ஹோட்டா என்ற ஜப்பானிய அறிவியலாளர்கள். நாகசாகி நகரில், 1943-இல். அதற்கு முன்பு இந்த நோய்க்கு வகைகள் உண்டு என்பதே உறுதியாகத் தெரியாது. அப்படியானால் ஒருவரின் உடம்பு டெங்குவை எத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறது என்று காத்திருந்து பார்த்தவர் யார்? எந்த ஊரில், எப்படிப் பார்த்தார்? பாடநூலின் அடிக்குறிப்பிலிருந்து தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் அமெரிக்க ராணுவத்தின் போர்க்கால ஆய்வு, கிரேக்கத் தலைநகரம், கியூபாவின் மருத்துவமனைப் பதிவேடுகள், கொழும்பு ரத்த வங்கி என்று போய், கடைசியில் சென்னைத் தெருக்களில் வந்து நின்றது.

1952-இன் கட்டுரை

அடிக்குறிப்பு காட்டும் நூலை எடுத்தால் அது இன்னொரு நூலைக் கைகாட்டும். அதை எடுத்தால் மற்றொன்று. இப்படிப் பின்னோக்கிப் போனால் எல்லாத் தடங்களும் ஒரே கட்டுரையில் போய்ச் சேர்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால டெங்கு ஆராய்ச்சி பற்றி ஆல்பர்ட் சேபின் 1952-இல் வெளியிட்ட கட்டுரை அது. பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் உலகப் புகழ் பெற்ற அதே சேபின்தான்.

பசிபிக் போர்முனையில் அமெரிக்கப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக டெங்குவில் விழுந்தார்கள். சண்டையில் காயம்பட்டவர்களைப் போலவே காய்ச்சலில் படுத்தவர்களும் படையைப் பலவீனப்படுத்தினார்கள். தீர்வு தேடும் பொறுப்பு சேபினிடம் வந்தது. ஹவாய், நியூகினி, இந்தியா ஆகிய இடங்களில் காய்ச்சல் கண்ட வீரர்களின் ரத்தநீரை உறையவைத்து அமெரிக்காவுக்கு வரவழைத்தார். அன்றைக்கு டெங்குவை ஆராய மனித உடலைத் தவிர நம்பகமான சோதனைக்களம் இல்லை. தன்னார்வலர்களின் உடம்பில் அந்த ரத்தநீரைச் செலுத்தினார். சிலரைத் தொற்றுள்ள கொசுக்கள் கடிக்கவைத்தார். அவர்கள் தேறிய பிறகு இடைவெளிவிட்டு மறுபடியும் வைரஸைச் செலுத்தினார். சிலருக்கு முதலில் கொடுத்த அதே வைரஸ், சிலருக்கு வேறு ஊரிலிருந்து வந்த வைரஸ்.

இந்தச் சோதனைதான் டெங்குவில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்பதைக் காட்டியது. ஹவாய் வைரஸால் காய்ச்சல் கண்டு தேறியவர்கள் மறுபடியும் அதே வைரஸை ஏற்றபோது நலமாகவே இருந்தார்கள். நியூகினியிலிருந்து வந்த ஒரு வைரஸ் அவர்களை மறுபடியும் படுக்கவைத்தது. ஹவாய் வைரஸ் டெங்கு-1 ஆயிற்று; அந்த நியூகினி வைரஸ் டெங்கு-2 ஆயிற்று. மூன்றாம், நான்காம் வகைகளை வில்லியம் ஹாமன் குழுவினர் 1956-இல் மணிலாவில் கண்டெடுத்தார்கள்.

நான் தேடிய எண்கள் சேபினின் கட்டுரையில் இருக்கின்றன. அதே வகைக்கு எதிரான பாதுகாப்பு குறைந்தது 18 மாதங்கள் நின்றது. வேறு வகைக்கு எதிராக முதல் 2 மாதங்கள் முழுப் பாதுகாப்பு; அதற்குப் பிறகு ஏறத்தாழ 9 மாதங்கள் வரை அரைகுறைப் பாதுகாப்பு, அதாவது காய்ச்சல் வந்தாலும் லேசாக வந்து போயிற்று. மற்ற வகைகளுக்குச் சில மாதங்களே என்ற பாடநூல் வரிக்கு மூலம் கிடைத்துவிட்டது. ஆயுள் முழுக்க என்பதற்குக் கிடைக்கவில்லை. சேபின் பார்த்தது 18 மாதங்கள் வரைதான். அதற்கு மேல் அவர் உரிமை கொண்டாடவும் இல்லை. ஒன்றரை வருடத்துக்கும் ஓர் ஆயுளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நிரப்பியவர்கள் வேறு யாரோ.

ஒருமுறை மட்டும் நோய் வந்த ஊர்

இதுபோன்ற கேள்விக்கு வழிகாட்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1846-இல் டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகளுக்குப் போனார். அங்கே தட்டம்மை பரவி, தீவுவாசிகளில் பெரும்பாலோரைத் தாக்கியிருந்தது. அதற்கு முன்பு அந்தத் தீவுகளுக்கு அம்மை வந்தது 1781-இல். சிறுவயதில் அந்த அம்மையைக் கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்கும் மறுபடி நோய் வரவில்லை என்று பானும் பதிவுசெய்தார். 65 ஆண்டுகள் நிற்கும் நினைவு! சோதனைக்கூடமே இல்லாமல், ஊர்ப் பெரியவர்களின் வயதை வைத்துக் கண்டுபிடித்த உண்மை இது.

டெங்குவுக்கும் அப்படி ஓர் ஊர் வேண்டும். நோய் ஒருமுறை பெரிதாக வந்து, அதன் பிறகு எட்டிப்பார்க்காத ஊர். நம் ஊர்கள் இதற்கு உதவா. சென்னையில் 1780-லேயே டெங்கு பரவியதாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. 1779-இல் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பரவிய மூட்டுக் காய்ச்சலை டேவிட் பைலன் என்ற மருத்துவர் தானே படுத்து அனுபவித்து எழுதிவைத்திருக்கிறார். பல காலம் டெங்கு என்று கருதப்பட்ட அந்த நோய் சிக்குன்குன்யாவாக இருக்க வேண்டும் என்று 1971-இல் டொனால்டு கேரி வாதிட்டார். காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டைப் பிடுங்கும் வலி என்று இரண்டு நோய்களும் முகஜாடையில் ஒன்று. ரத்தத்தைச் சோதிக்காமல் ஏட்டுக் குறிப்பை மட்டும் வைத்து எது எது என்று பிரிப்பது கடினம்.

கேரிக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 1960-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவரும், ரூத் மையர்ஸ், கொசு ஆய்வாளர் ரேச்சல் ரூபன் ஆகியோரும் சேர்ந்து வேலை செய்தார்கள். வேலூரில் பிடித்த கொசுக்களில் டெங்கு-1, டெங்கு-4 இரண்டும் இருந்ததை 1964-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு தென்னிந்தியாவில் பரவிய காய்ச்சலில் சிக்குன்குன்யா வைரஸைப் பிடித்தார்கள். ஒரே நோயாளியிடம் சிக்குன்குன்யாவும் டெங்கு-2-ம் ஒருசேர இருந்ததை 1967-இல் எழுதினார்கள். 1968-இல் வேலூரில் டெங்கு பரவியபோதோ நான்கு வகைகளும் மனிதர்களிடமும் கொசுக்களிடமும் கிடைத்தன. அந்த அறிக்கைகளைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. வேலூர்க்காரர் ஒருவரின் உடம்பில் இருபது வருடம் கழித்து டெங்கு நினைவு இருந்தால், அது பழைய தொற்றின் நினைவா, போன மழைக்காலத்தில் கொசு கடித்ததன் விளைவா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

ஒருமுறை மட்டும் நோய் கண்ட ஊர் வேறெங்கோ இருக்க வேண்டும். அந்த ஊர் ஏதென்ஸ்.

ஏதென்ஸ், 1928

கிரேக்கத் தலைநகரான ஏதென்ஸிலும் அதன் துறைமுகமான பிரேயஸிலும் 1927 கோடையில் டெங்கு சிறிய அளவில் தலைகாட்டியது. குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்து, 1928 கோடையில் தீயாகப் பரவியது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நகரமே முடங்கியது. நோய் கண்டவர்கள் 6,50,000-க்கும் மேல். வீட்டில் ஒருவர் தப்பினால் அதிசயம் என்ற நிலை. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ரத்தக்கசிவோடு இறந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் அந்த ஆண்டின் ஏடுகளில் இருக்கின்றன. டெங்கு கொல்லாத நோய் என்று நம்பிவந்த மருத்துவ உலகத்துக்கு இது பேரதிர்ச்சி.

ஏதென்ஸில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஜார்ஜ் பிளாங்க், ஜான் கமினோபெட்ரோஸ் இருவரும் உடனே ஆராய்ச்சியில் இறங்கி, ஏடிஸ் எஜிப்டி கொசுவே நோயைப் பரப்புகிறது என்பதைச் சோதித்து உறுதிசெய்தார்கள். கிரேக்க அரசு சுகாதாரத் துறையைச் சீரமைக்க சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உதவியைக் கேட்டது. அதன் பயனாக 1929-இல் ஏதென்ஸ் சுகாதாரப் பள்ளி பிறந்தது. இந்தப் பள்ளியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் வரும்.

அத்தனை பெரிய கொள்ளைநோய்க்குப் பிறகு டெங்கு அந்த நகரத்தில் மறுபடி அப்படிப் பரவவில்லை. ஆகவே 1928-க்கு முன்பு பிறந்த ஏதென்ஸ்வாசி ஒருவரின் ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி, அதாவது டெங்குவை எதிர்க்க உடம்பு உருவாக்கிய புரதம், இருந்தால், அது பெரும்பாலும் அந்த இரண்டு கோடைகளின் நினைவாகத்தான் இருக்கும். பானும் கண்ட தீவுகளைப் போலவே, ஒரு நகரம் முழுக்கச் சாட்சிகள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சாட்சிகளை முதலில் விசாரித்தவர் மாக்ஸ் தெய்லர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஜோர்டி கசால்ஸ், மூட்டூசிஸ் ஆகியோரும் சேர்ந்து 1960-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கொள்ளைநோயைக் கண்டு பிழைத்தவர்களின் ரத்தத்தில் டெங்கு-1-க்கு எதிரான ஆன்டிபாடிகள் முப்பது ஆண்டுகள் கழித்தும் இருந்தன. நான் தேடிவந்த தூரத்தில் பெரும்பகுதியை இந்தச் சில பக்கங்கள் நிரப்பிவிட்டன. வைரஸைக் கண்ணால் காணாமல், நோயாளிகளின் ரத்தத்தைச் சேமிக்காமல் விட்டுப்போன ஒரு கொள்ளைநோயின் காரணத்தை, பிழைத்தவர்களின் உடம்பே எடுத்துச் சொல்லிவிட்டது.

மூன்று தீர்ப்புகள்

வழக்கு இத்தோடு முடியவில்லை. பாங்காக்கில் 1958 முதல் குழந்தைகள் ரத்தக்கசிவும் அதிர்ச்சி நிலையும் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். 1960-களில் அங்கே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு வினோதத்தைக் கவனித்தார். முதல்முறை டெங்கு வந்த குழந்தைகளைவிட, ஏற்கெனவே ஒருமுறை வந்து தேறிய குழந்தைகளிடமே நோய் அதிகமாக முற்றியது. முந்தைய நோயின் நினைவே இரண்டாவது நோய்க்கு எண்ணெய் வார்க்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்படியானால் 1928-இல் ஏதென்ஸில் ரத்தக்கசிவோடு மக்கள் இறந்தது எதனால்? 1927-இல் ஒரு வகையும் 1928-இல் இன்னொரு வகையும் வந்திருக்குமோ?

ஏதென்ஸ் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஜார்ஜ் பாபயெவாஞ்செலூவோடு ஹால்ஸ்டெட் கைகோத்தார். கொள்ளைநோயின் பயனாகப் பிறந்த பள்ளியே அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கொள்ளைநோயை விசாரிக்க வந்தது. 1977-இல் ஒன்று, 1980-இல் ஒன்று என்று அவர்களின் இரண்டு கட்டுரைகள் வெளியாயின.

அவர்கள் நம்பியிருந்த சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டின் அடியில் உயிருள்ள செல்களை ஒரே படலமாக வளர்ப்பார்கள். அதன்மேல் வைரஸை விட்டு, பரவாமல் இருக்க மேலே கூழ் போன்ற பொருளை ஊற்றிவைப்பார்கள். சில நாட்களில் வைரஸ் செல்களைக் கொன்ற இடமெல்லாம் வெறும் கண்ணால் எண்ணக்கூடிய சிறு சிறு வட்டங்களாக வெளுத்துத் தெரியும். அதே வைரஸை முதலில் ஒருவரின் ரத்தநீரோடு கலந்து வைத்துவிட்டுப் பிறகு தட்டில் விட்டால், அந்த ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும் அளவுக்கு வட்டங்கள் குறையும். ரத்தநீரில் உப்புநீரை ஊற்றி ஊற்றி நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். பத்து மடங்கு, நாற்பது மடங்கு, நூற்றறுபது மடங்கு என்று எந்த அளவு நீர்த்த பிறகும் வட்டங்கள் பாதியாகக் குறைகின்றனவோ, அதுவே அந்த ரத்தத்தின் பலம். நான்கு வகை வைரஸுக்கும் தனித்தனித் தட்டு. ஒரு தட்டில் மட்டும் வட்டங்கள் மறைந்தால் அந்த மனிதருக்கு அந்த ஒரு வகை மட்டுமே வந்திருக்கிறது என்று பொருள்.

பல தட்டுகளில் வட்டங்கள் மறைந்தால்தான் சிக்கல். இரண்டு வகைகளும் வந்ததால் அப்படி இருக்கலாம். ஒரு வகை வந்து, அதன் ஆன்டிபாடி நெருங்கிய உறவான அடுத்த வகையையும் அரைகுறையாகப் பிடிப்பதாலும் இருக்கலாம். டெங்குவின் தாயாதிகளான வெஸ்ட் நைல் போன்ற வைரஸ்களும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும்கூட இந்தத் தட்டுகளைக் குழப்பும்.

ஹால்ஸ்டெட்டும் பாபயெவாஞ்செலூவும் தங்கள் தட்டுகளில் டெங்கு-1, டெங்கு-2 இரண்டின் தடங்களையும் கண்டார்கள். ஏதென்ஸில் இரண்டு வகைகளும் பரவின என்பது அவர்கள் தீர்ப்பு. 1986-இல் லியான் ரோசன் அதே வழக்கை மறுபடி திறந்தார். புதிதாகத் திரட்டிய சான்றுகளை வைத்து, ஏதென்ஸில் பரவியது டெங்கு-1 மட்டுமே, அங்கே கடும் நோய் முதல் தொற்றிலேயே வந்தது என்று எழுதினார். ஒரே நகரம், ஒரே தலைமுறையின் ரத்தம், மூன்று குழுக்கள். தீர்ப்புகளோ வேறு வேறு.

மூன்று குழுக்களின் கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எனக்கு, அவர்கள் சண்டை போடாத இடமே முக்கியமாகப் பட்டது. 1928-இல் டெங்கு வந்தவர்களின் உடம்பு அரை நூற்றாண்டு கழித்தும் அதை மறக்கவில்லை என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. 2007-இல் ஹவாயிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்கு மேலும் வலுச் சேர்த்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹொனலுலுவில் பரவிய டெங்கு-1-இன் ஆன்டிபாடி, 60 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு முதியவர்களின் ரத்தத்தில் கிடைத்தது. பாடநூல் சொல்லும் ஆயுள் என்பதன் மூலப் பத்திரங்கள் இவையே. நினைவு நிற்கிறது என்பது நிரூபணம் ஆயிற்று. அந்த நினைவு எப்போது காக்கும், எப்போது கெடுக்கும் என்பதற்கு ஏதென்ஸ் விடை தரவில்லை. 1928-இன் நோயாளிகளின் ரத்தத்தை யாரும் சேமித்து வைக்காததே காரணம்.

கியூபாவின் ஏடுகள்

அந்த விடையைத் தந்த நாடு கியூபா. இயற்கையே தேதி குறித்து நடத்திய சோதனைபோல அங்கே எல்லாம் அமைந்தது. 1977-இல் டெங்கு-1 அந்தத் தீவில் நுழைந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது. நோய் லேசாகத்தான் இருந்தது. 1981-இல் டெங்கு-2 வந்தது. பதிவான நோயாளிகள் 3,44,203. கடும் நோய் கண்டவர்கள் 10,312. இறந்தவர்கள் 158 பேர், அவர்களில் 101 பேர் குழந்தைகள். அரசு கொசு ஒழிப்பில் முழுமூச்சாக இறங்கி, அந்த ஆண்டே பரவலை நிறுத்தியது. அதற்குப் பிறகு பதினாறு வருடம் டெங்கு இல்லை.

1997 ஜனவரியில் சாண்டியாகோ நகரில் டெங்கு-2 மறுபடி நுழைந்தது. கடும் நோய் கண்டவர்கள் 205 பேர், இறந்தவர்கள் 12 பேர். ஹவானாவின் பெட்ரோ கோரி நிறுவனத்தைச் சேர்ந்த மரியா குவாடலூப்பே குஸ்மானும் குஸ்தாவோ கோரியும் அந்த 205 பேரின் வயதை எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாருமே 1977-இன் டெங்கு-1-ஐக் கண்டிருக்கக்கூடிய வயதுடையவர்கள். 1981-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் வைரஸ் தொற்றியது. ஆனால் முதல் தொற்று என்பதால் அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூடத் தெரியவில்லை. மற்ற ஊர்களில் டெங்கு குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும். இங்கே பிள்ளைகள் தப்ப, பெற்றோர் படுத்தார்கள். ஹால்ஸ்டெட் பாங்காக்கில் சந்தேகப்பட்டதற்குச் சாண்டியாகோவின் வயதுக் கணக்கில் வலுவான சான்று கிடைத்தது.

இதைவிட என்னை உலுக்கியது அடுத்த கண்டுபிடிப்பு. இரண்டு தொற்றுகளுக்கும் நடுவில் நான்கு ஆண்டு இடைவெளி இருந்த 1981-ஐவிட, இருபது ஆண்டு இடைவெளி இருந்த 1997-இல் இறப்பு விகிதம் பல மடங்கு அதிகம். காலம் போகப் போக ஆபத்து குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே கூடியிருக்கிறது. காரணம் ரத்தத்தில் இருந்தது. 1977-இல் டெங்கு-1 வந்தவர்களின் ரத்தத்தை நான்கு முதல் எட்டு ஆண்டுகள் கழித்தும் 22 ஆண்டுகள் கழித்தும் எடுத்து ஒப்பிட்டு, குஸ்மான் குழு 2007-இல் முடிவை வெளியிட்டது. டெங்கு-1-க்கு எதிரான ஆன்டிபாடியின் பலம் குறையவில்லை, கூடியிருந்தது. டெங்கு-2-ஐத் தடுக்கும் திறனோ தேய்ந்துபோயிருந்தது. உடம்பின் நினைவு, வருடம் ஆக ஆக, பார்த்த எதிரியின்மேல் மட்டும் கூர்மையாகிறது. மற்றவர்களை அரைகுறையாகவே அடையாளம் காண்கிறது.

அரைகுறை ஏன் ஆபத்து? பலம் குன்றிய ஆன்டிபாடி வைரஸை ஒட்டிக்கொள்ளும், செயலிழக்கச் செய்யாது. ஆன்டிபாடி ஒட்டிய பொருளை விழுங்கி அழிப்பது நம் ரத்தத்தில் உள்ள சில வெள்ளை அணுக்களின் வேலை. டெங்கு வைரஸ் வாழ விரும்பும் இடமும் அதே அணுக்கள்தாம். கண்பார்வை மங்கிய காவல்காரர் திருடனைச் சொந்தக்காரர் என்று நினைத்துக் கைபிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்த கதையாக முடிகிறது. உள்ளே போன வைரஸ் பல்கிப் பெருகுகிறது. பாங்காக்கில் சுசித்ரா நிம்மானித்யா உள்ளிட்ட மருத்துவர்கள் 1988-இல் இதற்கு இன்னொரு சான்று தந்தார்கள். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே நோய் முற்றுவதற்குக் காரணம், தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில மாதங்களில் தேய்ந்து அந்த அபாய அளவுக்கு இறங்குவதே.

அந்த அபாய அளவையும் பின்னர் அளந்தார்கள். நிகரகுவாவின் மனாகுவா நகரில் 8,002 குழந்தைகளின் ரத்தத்தை ஆண்டுதோறும் எடுத்துச் சேமித்துவந்த லியா கட்செல்னிக், ஈவா ஹாரிஸ் குழு 2017-இல் அதை வெளியிட்டது. ஆன்டிபாடி நன்றாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. அறவே இல்லாதவர்களுக்கும் பெரிய ஆபத்து இல்லை. இடைப்பட்ட ஒரு குறுகிய அளவில் இருந்தவர்களுக்கோ கடும் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழரை மடங்கு.

கொழும்பு ரத்த வங்கி

இதுவரை பேசியது ஆன்டிபாடியின் நினைவு. உடம்புக்கு இன்னொரு நினைவும் உண்டு: டி செல்கள். வைரஸ் புகுந்துவிட்ட செல்லை அடையாளம் கண்டு அழிப்பவை இவை. டெங்குவில் டி செல்களின் நினைவும் கெடுதலே செய்கிறது, பழைய வகையை நினைத்துக்கொண்டு புதிய வகையைக் கோட்டைவிடுகிறது என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. அதைச் சோதித்த இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொழும்பு தேசிய ரத்த வங்கியில் ரத்த தானம் செய்த நலமான பெரியவர்கள் 250 பேரின் ரத்தத்தை, இலங்கையின் அருண தர்ஷன் டி சில்வாவும் அமெரிக்காவின் லா ஹோயா நிறுவனத்தைச் சேர்ந்த டேனியலா வைஸ்கோஃப், அலெசாண்ட்ரோ செட்டே ஆகியோரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

அவர்கள் நோயாளிகள் அல்லர். வேலைக்குப் போகும் வழியில் ரத்த தானம் செய்துவிட்டுப் போகும் சாதாரண மக்கள். அவர்கள் ரத்தத்தில் டெங்குவை நினைவில் வைத்த டி செல்கள் ஏராளமாக இருந்தன. அந்த நினைவு, வைரஸின் மேலுறையைவிட அதன் உள்ளே வேலைசெய்யும் புரதங்களின்மேல் அதிகம் பதிந்திருந்தது. இந்த உள்புரதங்கள் நான்கு வகைகளிலும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பவை. எந்த மரபுக் குறிகளை உடையவர்களுக்குக் கடும் டெங்கு குறைவாக வருகிறதோ, அவர்களிடமே இந்த டி செல்கள் அதிகமாகவும் துடிப்பாகவும் இருந்தன. 2013-இல் வந்த இந்த முடிவு, டி செல் நினைவு கெடுக்கும் என்ற பழைய கருத்தைப் புரட்டிப்போட்டது. ஆன்டிபாடி தேயும்போது கைவிட்டாலும், உடம்பு வேறொரு வழியில் காவல் வைத்திருக்கிறது. இரண்டாம் முறை டெங்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுவதற்கு இந்தக் காவலும் ஒரு காரணம் என்பதே அந்த ஆய்வு தரும் நம்பிக்கை.

நம் ரத்தத்தில் இருப்பது

சென்னையில் 50 இடங்களில் 1,010 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 93 சதவீதம் பேரிடம் டெங்குவின் தடம் இருந்தது. 44 சதவீதம் பேரிடம் சிக்குன்குன்யாவின் தடம் இருந்தது. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில் தென்மாநிலங்களின் அளவு 76.9 சதவீதம். எனக்கு டெங்கு வந்ததே இல்லை என்று நம் ஊரில் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்துபோயிருக்கிறது. இரண்டு நாள் உடம்புவலி என்று கஷாயம் குடித்துத் தேறியிருப்பார்கள், அல்லது ஒன்றும் தெரியாமலே கடந்திருப்பார்கள். எந்த வகை வந்தது, எப்போது வந்தது, நினைவு இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பது அவரவர் ரத்தத்துக்கு மட்டுமே தெரியும்.

இதை அறியாமல் போட்ட தடுப்பூசி என்ன செய்யும் என்பதை பிலிப்பைன்ஸ் அனுபவித்தது. 2016-இல் அங்கே 8 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா போடப்பட்டது. ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு அது பாதுகாப்புத் தந்தது. வராதவர்களுக்கோ, பின்னால் இயற்கையாகத் தொற்று வந்தால் நோய் முற்றும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. ரத்தத்தைச் சோதித்து, பழைய தொற்று இருந்தால் மட்டும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அடுத்த ஆண்டு பரிந்துரைத்தது. ஹால்ஸ்டெட், குஸ்மான் ஆகியோரின் கட்டுரைகளில் இந்த எச்சரிக்கை முன்பே இருந்தது. இந்தியாவில் பனேசியா நிறுவனத்தின் தடுப்பூசிக்கான மூன்றாம் கட்டச் சோதனை, நலமான பெரியவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2024-இல் தொடங்கியது. அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே அதன் முடிவுகளைப் படிக்கும் திறவுகோலாக இருக்கும்.

இந்தத் தேடலில் நான் கண்டறிந்தது இதுதான். பாடநூலின் வரி உண்மை. ஆனால் பாதி உண்மை. உடம்பு டெங்குவை அறுபது ஆண்டுகள் ஆனாலும் மறப்பதில்லை. வந்த வகைக்கு அந்த நினைவு அரண். வராத வகைக்கு, காலம் கடந்த பிறகு, அதே நினைவு பகையாகக்கூடும். ஆகவே ஒருமுறை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எவரும் இருந்துவிட வேண்டாம். காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் விடும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு தென்பட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். கியூபாவின் கேள்விக்கு விடை கிடைத்ததும் ஏதென்ஸின் கேள்வி இழுபறியில் நின்றதும் ஒரே காரணத்தால்: ஓர் இடத்தில் பதிவேடும் ரத்தமும் இருந்தன, இன்னோர் இடத்தில் ரத்தம் இல்லை. நான்கு வகை டெங்குவும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலவிவரும் நாடு இது. இங்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் எடுக்கப்படும் ரத்த மாதிரிகளில் ஒரு பகுதியையாவது, நோயாளியின் வயதும் தேதியும் வைரஸின் வகையும் குறித்து, உறைநிலையில் பாதுகாத்து வையுங்கள். பழைய காய்ச்சல் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள். நாளைய தடுப்பூசியை நம் மக்களுக்குப் பாதுகாப்பானதாக்கும் ஆதாரம் அவற்றில்தான் இருக்கிறது.